ஐடிஏ வந்தாச்சு, கையில் 60 நாள்: எதை முதலில் தொடங்குவது?

தம்பி, நீங்கள் கேட்டது இது: கனடாவில் நிரந்தரமாகக் குடியேறுவதற்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரியில், வேலை அனுபவம் உள்ளவர்களுக்கான ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் பிரிவில் ஐடிஏ, அதாவது விண்ணப்பிக்கச் சொல்லும் அழைப்பு, வந்து மூன்று நாள் ஆகிறது. சென்னையில் ஐடி வேலை, நடுவில் 2 வருடம் சிங்கப்பூர். மனைவி, 3 வயதுக் குழந்தை. பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலி. எங்கே தொடங்குவது, எங்கே சிக்கல் வரும்?

ப்ரொஃபைல் போட்டபோது யாரும் உங்களிடம் வேலைக்கான அத்தாட்சி கேட்கவில்லை. நீங்கள் சொன்னதை நம்பித்தான் மதிப்பெண் கொடுத்தார்கள். இனி ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் காகிதம் வேண்டும். இந்தக் கட்டத்தில் விழுகிறவர்களில் பலருக்குத் தகுதி இருக்கிறது. சொன்னதும் காகிதமும்தான் ஒத்துப்போவதில்லை. அழைப்பு வந்த பிறகு விண்ணப்பிக்கக் கிடைக்கும் 60 நாளில் சனி, ஞாயிறு, பண்டிகை எல்லாம் அடக்கம், நீட்டிப்பு கிடையாது. அதனால் அடுத்தவர் கையில் இருக்கும் காகிதங்களை முதலில் கேளுங்கள். உங்கள் கையில் இருப்பதைக் கடைசி வாரத்தில்கூடப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்றே தொடங்க வேண்டியது சிங்கப்பூர் போலீஸ் சான்றிதழ். கடந்த 10 வருடத்தில், 18 வயதுக்குப் பிறகு, தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் சான்றிதழ் வேண்டும். மனைவி அங்கே உங்களுடன் இருந்திருந்தால் அவருக்கும் தனியாக. சிங்கப்பூர் போலீஸ் கைரேகை கேட்கும். அந்தக் கைரேகையை இங்கே எடுத்து அனுப்புவதிலேயே நாட்கள் ஓடிவிடும். இந்தியாவுக்கு பாஸ்போர்ட் சேவா வழியாக பிசிசி, அதாவது இங்கத்திய போலீஸ் சான்றிதழ். இப்போது வசிக்கும் நாட்டின் சான்றிதழ், நீங்கள் விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 6 மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். பழைய நாட்டுச் சான்றிதழ், அங்கிருந்து கிளம்பிய பிறகு வாங்கியதாக இருந்தால் போதும். எவ்வளவு முயன்றும் ஒன்று வரவில்லை என்றால், விண்ணப்பித்த ரசீதையும் ஒரு விளக்கக் கடிதத்தையும் அந்த இடத்தில் ஏற்றலாம். ஆனால் அதை ஏற்பதும் விடுவதும் அதிகாரியின் முடிவு. அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்தது ரெஃபரன்ஸ் லெட்டர், அதாவது வேலை அனுபவத்துக்குக் கம்பெனி தரும் கடிதம். நிராகரிப்புக்கு நான் பார்த்த அளவில் இதைவிடப் பெரிய காரணம் இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் ஊர் கம்பெனிகளில் எச்ஆர் கொடுக்கும் சர்வீஸ் லெட்டர் மூன்று வரியில் முடிந்துவிடும்: இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, இந்தப் பதவியில் பணிபுரிந்தார், நடத்தை நன்று. கனடாவுக்கு அது எதற்கும் ஆகாது. கம்பெனி லெட்டர்ஹெட், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், கையெழுத்துப் போடுபவரின் பெயரும் பதவியும், நீங்கள் வகித்த ஒவ்வொரு பதவியும் அதன் தேதிகளும், செய்த வேலைகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளம், சலுகைகள். இத்தனையும் வேண்டும். பலரும் விடுவது வாரத்துக்கான மணி நேரத்தை. வாரம் 30 மணி நேரம்தான் முழுநேர வேலைக்கான அளவு. உங்கள் பிரிவுக்குத் தொடர்ச்சியாக ஒரு வருடம், அதாவது 1,560 மணி நேரம் காட்டியாக வேண்டும். கடிதத்தில் மணி நேரமே இல்லாவிட்டால் அதிகாரி எதை வைத்துக் கணக்குப் போடுவார்?

செய்த வேலைகள் என்ற பகுதியை உங்கள் என்ஓசி குறியீட்டின், அதாவது கனடாவின் தொழில் வகைப்பாட்டு எண்ணின், விளக்கத்தோடு பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ப்ரொஃபைலில் 21232, அதாவது சாஃப்ட்வேர் டெவலப்பர் என்று போட்டுவிட்டு, கடிதம் முழுக்க டெஸ்ட் கேஸ் எழுதினார், பிழைகளைப் பதிவு செய்தார் என்று இருந்தால், அது 22222-இல் வரும் டெஸ்டிங் வேலை. பதவியின் பெயரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, செய்த வேலையைத்தான் பார்க்கிறார்கள். அதற்காக என்ஓசி பக்கத்தில் இருக்கும் வரிகளை அப்படியே ஒட்டி எச்ஆரிடம் கையெழுத்து வாங்காதீர்கள். வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்போகும் கடிதம் சந்தேகத்தைத்தான் கிளப்பும். உங்கள் ப்ராஜெக்ட்டில் நீங்கள் உண்மையில் செய்ததை உங்கள் சொல்லிலேயே எழுதிக் கொடுங்கள்.

எச்ஆர் மறுத்தால்? பெரிய கம்பெனிகளில் வேலைகளை எழுதித் தரமாட்டோம் என்பது வழக்கமான பதில்தான். அப்போது உங்கள் மேனேஜரிடம், அவரும் தயங்கினால் கூட வேலை செய்த சீனியரிடம், வேலைகளையும் மணி நேரத்தையும் விவரித்து முத்திரைத்தாளில் நோட்டரி முன் அஃபிடவிட் வாங்குங்கள். அவர் அதே கம்பெனியில் இருந்ததற்கு அத்தாட்சியும் சேருங்கள். கூடவே எச்ஆர் தந்த மூன்று வரிக் கடிதம், ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டுகள், படிவம் 16, சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு, எச்ஆர் மறுத்த மின்னஞ்சல். அந்த மின்னஞ்சல் முக்கியம். நீங்கள் கேட்டீர்கள், அவர்கள் தரவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. சிங்கப்பூர் காலத்தைத் தனி வரியாகக் காட்டுங்கள், கம்பெனி ஒன்றாகவே இருந்தாலும் சரி.

அடுத்தது, குடியேறப் போதுமான பணம் கையில் இருக்கிறது என்பதற்கான சான்று. வங்கியில் கேட்டால் அன்றைய இருப்பை மட்டும் எழுதி ஒரு சான்றிதழ் தருவார்கள். அது போதாது. கணக்கு எண், கணக்கு தொடங்கிய தேதி, இன்றைய இருப்பு, கடந்த 6 மாதச் சராசரி இருப்பு, உங்கள் பெயரில் உள்ள கடன்கள், இவ்வளவும் லெட்டர்ஹெட்டில் வேண்டும். மேனேஜருக்கு இந்த வடிவம் பழக்கமில்லாமல் இருக்கலாம். ஒரு மாதிரிக் கடிதத்தைத் தட்டச்சு செய்து கொண்டுபோனால் வேலை சுலபம். போன மாதம் திடீரென்று ஏறிய பெரிய தொகை இருந்தால் விளக்கம் தேவை. அப்பா கொடுத்த பணம் என்றால், திருப்பித் தர வேண்டியதில்லை என்று சொல்லும் கிஃப்ட் டீடும் அவர் கணக்கிலிருந்து வந்ததற்கான ஸ்டேட்மென்ட்டும். கடன் வாங்கிக் காட்டக் கூடாது. வீடு, மனையின் மதிப்பும் கணக்கில் வராது. விண்ணப்பிக்கும் நாளில் இருந்த பணம் பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) விசா தரும் நாளிலும் இருக்க வேண்டும். குறைந்தபட்சத் தொகை ஆண்டுதோறும் மாறும். உங்களுக்கு 3 பேருக்கான வரிசையைப் பாருங்கள். மனைவியும் குழந்தையும் பிறகு வருவதாக இருந்தாலும் எண்ணிக்கை 3-தான்.

குடும்பம் பிறகு வரட்டும் என்று நினைத்து குழந்தையின் பெயரையே விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கூட வராத குழந்தையையும் அறிவித்து, மெடிக்கலும் செய்ய வைக்க வேண்டும். மறைத்தால் பிற்பாடு அந்தக் குழந்தையை ஸ்பான்சர் செய்யும் உரிமையே போய்விடக்கூடும்.

மெடிக்கல் முன்பெல்லாம் விண்ணப்பித்த பிறகு. 2025 ஆகஸ்ட் 21 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் அதை முன்கூட்டியே முடித்து, அத்தாட்சியை விண்ணப்பத்தோடு ஏற்ற வேண்டும். கனடாவின் குடியேற்றத் துறையான ஐஆர்சிசியின் பட்டியலில் இருக்கும் மருத்துவரிடம் மட்டும். மூவருக்கும் இந்த வாரமே அப்பாயின்ட்மென்ட் போடுங்கள்.

சர்நேம் காலி என்பதற்குப் பயப்பட வேண்டாம். பாஸ்போர்ட்டில் கிவன் நேம் இடத்தில் இருப்பதை முழுதாக ஐஆர்சிசி படிவத்தின் ஃபேமிலி நேம் கட்டத்தில் போட்டு, கிவன் நேம் கட்டத்தைக் காலியாக விடுங்கள். புள்ளி, நட்சத்திரம், பொருந்தாது என்று எதையும் போடாதீர்கள். டிகிரி சான்றிதழில் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாகவும் இருந்தால், இருவரும் ஒருவரே என்று ஓர் அஃபிடவிட். திருமணப் பதிவோ பிறப்புச் சான்றிதழோ தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்போடு மொழிபெயர்த்தவரின் அஃபிடவிட்டும் வேண்டும். வீட்டில் யாராவது மொழிபெயர்ப்பாளராகவே இருந்தாலும் அவர் செய்யக் கூடாது.

கடந்த 10 வருட வரலாற்றில் ஒரு மாதம்கூட இடைவெளி விடாதீர்கள். வேலை தேடிய 4 மாதம் என்றால் வேலை தேடினேன் என்றே எழுதுங்கள், அதில் குறை ஒன்றுமில்லை. எந்த நாட்டு விசா எப்போது மறுக்கப்பட்டிருந்தாலும் சொல்லிவிடுங்கள். கனடா, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவை பயோமெட்ரிக் தகவலைப் பகிர்ந்துகொள்கின்றன. பழைய சுற்றுலா விசா மறுப்பு உங்களைக் கவிழ்க்காது. அதை மறைத்தது தெரிந்தால் 5 வருடத் தடை. ஏஜென்ட் நிரப்பியது, எனக்குத் தெரியாது என்பது எடுபடாது. பணம் வாங்கிக்கொண்டு உதவுகிற கன்சல்டன்ட் என்றால் அவர் பெயர் கனடாவின் கன்சல்டன்ட் கல்லூரிப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பெயரில் பிரதிநிதியாக வர மறுத்து, லாகின் மட்டும் கேட்பவரிடம் போகாதீர்கள்.

எல்லாம் சேர்ந்த பிறகு மதிப்பெண்ணை மறுபடி கூட்டுங்கள். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் முடிவு 2 வருடம்தான் செல்லும். விண்ணப்பத்தை அனுப்பும் நாளிலும் அது செல்லுபடியாக இருக்க வேண்டும். ஐடிஏ வந்த பிறகு பிறந்தநாள் வந்து குறையும் வயது மதிப்பெண்ணைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். ஆனால் ஒரு வருட அனுபவத்துக்குக் காகிதம் கிடைக்காமல், உங்கள் மதிப்பெண் அழைப்பு வந்த சுற்றின் கட்-ஆஃபுக்குக் கீழே இறங்கினால், ஐடிஏவை நிராகரியுங்கள். ப்ரொஃபைல் மறுபடி பூலுக்கு, அதாவது அழைப்புக்குக் காத்திருப்பவர்களின் வரிசைக்கு, போகும். பதில் சொல்லாமல் 60 நாள் ஓடவிட்டால் புது ப்ரொஃபைல்தான் போட வேண்டும்.

55-ஆம் நாளைக் கடைசி நாளாக வைத்துக்கொள்ளுங்கள். பிஆர் உரிமைக் கட்டணத்தையும் சேர்த்தே கட்டிவிட்டால் பின்னால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் அந்தத் தொகை திரும்ப வரும். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் பிடிஎஃப்பாக எடுத்து வையுங்கள், ஏற்றிய கோப்புகளையும் அதே பெயரில்.

சிங்கப்பூர் சான்றிதழ் எந்த நிலையில் இருக்கிறது, எச்ஆர் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். கடிதத்தின் வரைவை அனுப்பினால், கையெழுத்துக்குப் போகும் முன் என்ஓசியோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.