பன்னிரண்டு வயதுக் கார்: விற்பதா, இன்னும் இருபது மாதம் ஓட்டுவதா?

கேள்வி: என்னுடைய காருக்கு 12 வயது ஆகிறது. 1,70,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வீட்டிலிருந்து அலுவலகம் 28 கிலோமீட்டர், பெரும்பகுதி நெரிசலில்தான். மற்ற ஓட்டத்தையும் சேர்த்தால் வருடத்துக்கு 16,000 கிலோமீட்டர் வரும். மைலேஜ் லிட்டருக்கு 11தான். கிளட்ச், ஷாக் அப்சார்பர், ஏசி கம்ப்ரசர் மூன்றையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். "இதற்கு மேல் இதில் பணம் போடாதே, புதிதாக ஒன்று எடு" என்கிறார்கள் நண்பர்கள். ஒரு எஸ்யூவியைப் பார்த்து வைத்திருக்கிறேன். மைத்துனர் மின்கார்தான் வாங்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். மனைவிக்குக் கடனே வேண்டாம். ஷோரூமிலோ 90 சதவீதம் கடன், 7 வருடத் தவணை என்று ஆசை காட்டுகிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

பதில்: நீங்கள் அனுப்பிய தொகைகளையெல்லாம் ஒரே அளவுகோலுக்கு மாற்றிக்கொண்டேன். பார்த்து வைத்திருக்கும் எஸ்யூவியின் விலை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். அப்படிப் பார்த்தால் மெக்கானிக் கேட்பது 6 பங்கு. உங்கள் சேமிப்பு 40. பழைய காரை இன்று விற்றால் 9 கிடைக்கும். வருடப் பெட்ரோல் செலவு 12. இந்த அளவுகோலை வைத்து யார் வேண்டுமானாலும் தங்கள் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் நண்பர்கள் சொன்ன வாதத்துக்கு வருகிறேன். 9 பங்கு பெறுமானமுள்ள காருக்கு 6 பங்கு செலவா என்று கேட்டால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அந்த ஒப்பீடே தவறு. ரிப்பேர் செலவைக் காரின் இன்றைய விலையோடு ஒப்பிடக் கூடாது; ரிப்பேர் செய்யாவிட்டால் வேறு எதற்குச் செலவழிக்கப் போகிறீர்களோ, அதோடு ஒப்பிட வேண்டும். புதிய கார் முதல் வருடத்திலேயே 15 முதல் 20 சதவீதம் வரை மதிப்பு இழக்கும். மூன்று வருடத்தில் வாங்கிய விலையில் அறுபது சொச்சம் சதவீதத்துக்கு வரும், ஐந்து வருடத்தில் ஏறக்குறைய பாதி. மாடலைப் பொறுத்து முன்னே பின்னே இருக்கும். 2021, 2022 வாக்கில் உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு வந்தபோது பல இடங்களில் பழைய கார்களின் விலை ஏறியதும் உண்டு. ஆனால் அதை நம்பி யாரும் கார் வாங்க முடியாது.

அடுத்த இரண்டு வருடத்துக்குக் கணக்குப் போடுவோம். பழைய காரையே வைத்துக்கொண்டால் இப்போதைய ரிப்பேருக்கு 6. வயதான வண்டி, இன்னும் ஏதாவது வைக்கும். அதற்கு ஒரு 4. விற்பனை மதிப்பு 9லிருந்து 6க்கு இறங்கும், அது 3. எஸ்யூவியைவிடக் கூடுதலாகக் குடிக்கும் பெட்ரோலுக்கு 6. ஆக 19. இப்போதே 40 பங்கு முன்பணம் கொடுத்து, மீதி 60க்கு 9 சதவீத வட்டியில் 5 வருடக் கடன் எடுத்து எஸ்யூவி வாங்கினால், இரண்டு வருடத்தில் மதிப்பிழப்பு மட்டும் 32, வட்டி 9, கூடுதல் காப்பீட்டுக்கு 3 என்று வைத்தாலும் 44 ஆகிறது. வித்தியாசம் 25 பங்கு. கால் கார்!

"மைலேஜ் மிச்சமாகுமே" என்பீர்கள். மேலே அதையும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறேன். இந்த மைலேஜ் கணக்கில் பலரும் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். லிட்டருக்கு 11 கொடுக்கும் உங்கள் கார் வருடத்துக்கு 1,455 லிட்டர் குடிக்கிறது. 15 கொடுக்கும் எஸ்யூவி 1,067 லிட்டர். மிச்சம் 388 லிட்டர். 23 கொடுக்கும் ஒரு ஹைபிரிட், அதாவது பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார், 696 லிட்டர். எஸ்யூவியைவிட 371 லிட்டர் குறைவு. பார்த்தீர்களா? 11லிருந்து 15க்குப் போவது 4 கிலோமீட்டர் முன்னேற்றம்தான். 15லிருந்து 23க்குப் போவது 8. ஆனாலும் மிச்சமாகும் பெட்ரோல் ஏறக்குறைய ஒன்றே. மைலேஜ் எண் உயர உயர, அடுத்து வரும் ஒவ்வொரு கிலோமீட்டரும் தரும் லாபம் சுருங்கிக்கொண்டே போகும். அதனால் விளம்பரத்தில் போட்டிருக்கும் எண்ணைப் பார்க்காதீர்கள், வருடத்துக்கு எத்தனை லிட்டர் என்று பாருங்கள். உங்கள் அளவுகோலில் அந்த 388 லிட்டர் வருடத்துக்கு 3.2 பங்குதான். அதை மிச்சம் பிடிக்க வருடத்துக்குப் பதினாறு பங்கு மதிப்பை இழப்பதா?

இனி அந்த 7 வருடக் கடன். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை, வேண்டாம். 90 பங்கை 9 சதவீதத்தில் 7 வருடத்துக்கு எடுத்தால், இரண்டு வருடம் ஒழுங்காகத் தவணை கட்டிய பிறகும் நிலுவை 70 இருக்கும். காரின் மதிப்போ 68. அந்த நேரத்தில் விபத்தில் கார் முழுசாகப் போய்விட்டால், காப்பீட்டு நிறுவனம் பொதுவாகக் காரின் அன்றைய மதிப்பைத்தான் கொடுக்கும். கார் இருக்காது, கடன் மிச்சம் இருக்கும். இன்னொன்று: அவர்கள் சொன்ன வட்டி, வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி வரை போடும் பிளாட் வட்டியா, குறையும் நிலுவைக்கான வட்டியா என்று கேட்டீர்களா? பிளாட் 5 சதவீதம் என்றால் குறைவாகத்தான் தெரியும். அதையே 5 வருடக் கடனுக்கு நிலுவை முறையில் மாற்றினால் 9 சதவீதத்தைத் தாண்டிவிடும். மாதத் தவணை எவ்வளவு என்பதை விடுங்கள், கட்டி முடிக்கும்போது மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

மைத்துனர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. தினமும் ஒரே தூரம், நெரிசல், வருடத்துக்கு 16,000 கிலோமீட்டர் என்பதெல்லாம் மின்காருக்குப் பொருத்தமான வாழ்க்கை. 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் என்று வைத்து, சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் வருடத்துக்குச் சுமார் 2,700 யூனிட். உங்கள் வீட்டு மின்கட்டணத்தால் அதைப் பெருக்கி 1,067 லிட்டர் பெட்ரோல் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் மின்கார்தான் ஜெயிக்கும். ஆனால் நீங்கள் இருப்பது அடுக்குமாடிக் குடியிருப்பு, பொதுவான பார்க்கிங், பக்கத்தில் பிளக் பாயின்ட் கிடையாது என்று எழுதியிருக்கிறீர்கள். கதையே அங்கேதான் மாறுகிறது. இரவில் வீட்டில் சார்ஜ் செய்ய முடிந்தால்தான் மேலே சொன்ன கணக்கு செல்லும். பொது இடத்து வேகச் சார்ஜரை மட்டும் நம்பினால் யூனிட் விலை வீட்டுக் கட்டணத்தைவிட நன்றாகவே ஏறும், காத்திருக்கும் நேரம் தனி. உங்கள் குடியிருப்புச் சங்கத்திடம் சொந்த மீட்டரோடு ஒரு பாயின்ட் போட எழுத்தில் அனுமதி கேளுங்கள். கிடைத்துவிட்டால் மைத்துனருக்கு ஜெயம், எனக்கும் ஆட்சேபம் இல்லை. பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்ற அளவில் பல நிறுவனங்கள் உத்தரவாதம் தருகின்றன. அதில் எத்தனை சதவீதக் கொள்ளளவுக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்ற வரியை மட்டும் தேடிப் படியுங்கள்.

அனுமதி கிடைக்காவிட்டால் ஹைபிரிட். நெரிசலில் ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் அந்த ஆற்றலில் ஒரு பகுதியை பேட்டரிக்குத் திருப்பிக் கொடுப்பதால், நின்று நின்று போகும் உங்கள் பாதைக்கு இது சரியான வண்டி. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டுபவருக்கு இவ்வளவு லாபம் வராது. டீசலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்காமல் இருந்ததே நல்லது. நான் ஒருமுறை குறுகிய தூர ஓட்டத்துக்கு டீசல் கார் வாங்கி மாட்டிக்கொண்டேன். புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி சூடேறி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள, இடைவிடாமல் கொஞ்ச நேரம் வேகமாக ஓட வேண்டும். என் பாதையில் அது நடக்கவே இல்லை. அந்த எச்சரிக்கை விளக்கை அணைப்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் நெடுஞ்சாலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். மனைவி அதைச் 'சுற்றுலா' என்று இன்னும் கிண்டல் செய்கிறார்.

எஸ்யூவி? ஏழு இருக்கை வேண்டும் என்பதற்கு நீங்கள் சொன்ன காரணம், வருடத்தில் நாலைந்து நாள் குடும்பத்தோடு வெளியூர் போவது. அந்த நாலைந்து நாளுக்கு வாடகைக்கு எடுங்கள். மற்ற நாட்களில் காலியான ஆறு இருக்கைகளை நெரிசலில் இழுத்துக்கொண்டு போவது நீங்கள்தான்.

ஆக, என் யோசனை இதுதான். இப்போது 6 பங்கு செலவழித்து ரிப்பேர் செய்யுங்கள். புதிய காருக்குக் கட்டப் போவதாக இருந்த தவணை, அதாவது 60 பங்குக் கடனுக்கு மாதம் 1.25 பங்கு, அதை அடுத்த மாதத்திலிருந்தே தனிக் கணக்கில் போட ஆரம்பியுங்கள். கார் வாங்காமலேயே தவணை கட்டிப் பார்க்கிறீர்கள். மூன்றாவது மாதமே மூச்சு முட்டினால், ஷோரூமில் கையெழுத்துப் போடாமல் தப்பித்தோம் என்று நினைத்துக்கொள்ளலாம். தாக்குப்பிடித்தால் 20 மாதத்தில் 25 பங்கு சேர்ந்திருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தில் உங்களைக் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. 40 பங்கு சேமிப்பு என்று சொன்னீர்கள், ஆனால் அதுதான் உங்களிடம் இருக்கும் மொத்தப் பணமே. அதில் ஐந்து மாத வீட்டுச் செலவுக்கான 15 பங்கைக் காருக்காகத் தொடவே கூடாது. கையில் உள்ளது 25. ரிப்பேர் போக 19. இருபது மாதச் சேமிப்பு 25, பழைய கார் விற்ற 6, எல்லாம் சேர்த்தால் 50. புதிதில் 112 பங்கு விற்கும் ஹைபிரிட், மூன்று வருடம் ஓடியது, 70க்குக் கிடைக்கலாம். ஹைபிரிட்டுகளின் மதிப்பு பெரும்பாலும் கொஞ்சம் மெதுவாகவே இறங்கும் என்பதால் கூட்டியே போட்டிருக்கிறேன். குறையும் 20க்கு இரண்டு வருடக் கடன். பழைய காருக்கு வட்டி கூடுதல், 11 சதவீதம் என்றே வைப்போம். மாதம் 0.93 பங்கு, மொத்த வட்டி இரண்டரைப் பங்குக்கும் குறைவு. இன்றே 60 பங்குக் கடன் எடுத்தால் ஐந்து வருடத்தில் வட்டி மட்டும் 14.7 பங்கு. உங்கள் மனைவி சொன்னதற்கு ரொம்பவே பக்கத்தில் வந்துவிட்டோம்.

ஆனால் இதற்கெல்லாம் ஒரு நிபந்தனை இருக்கிறது. ரிப்பேருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், காரை லிப்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சேசிஸ், சஸ்பென்ஷன் பிடிமானங்கள், பிரேக் குழாய்கள் எங்காவது துரு தின்றிருந்தால் என் யோசனையைக் கிழித்துப் போட்டுவிடலாம். கிளட்ச் மாற்றி ஒரு பயனும் இல்லை. இன்ஜின் கம்ப்ரஷனையும் சோதிக்கச் சொல்லுங்கள். அப்புறம், உங்கள் காரில் ஏர்பேக்கும், வழுக்கும்போது காரை நிலைப்படுத்தும் ஈஎஸ்சியும் இருக்கின்றனவா? குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் இல்லாத கார் என்றால் இருபது மாதம் வேண்டாம், ஆறு மாதத்தில் மாற்றுங்கள். கடன் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. பங்குக் கணக்கு அந்த இடத்தில் எடுபடாது.

பழைய ஹைபிரிட் பார்க்கப் போகும்போது விற்பவரின் மெக்கானிக்கை நம்பாமல் உங்கள் ஆளைக் கூட்டிப் போங்கள். சர்வீஸ் பதிவும், பேட்டரி பரிசோதனை அறிக்கையும் கேளுங்கள். பல ஹைபிரிட்டுகளில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று பின்னிருக்கை ஓரத்திலுள்ள துவாரம் வழியாகத்தான் போகிறது. அங்கே தூசி அடைத்திருந்தால் பராமரிப்பு எப்படி என்று புரிந்துவிடும். டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கங்களையும் பாருங்கள்: 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. ஓட்டிப் பார்ப்பதை ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டோடு முடிக்காதீர்கள். காலை எட்டரை மணிக்கு, உங்கள் அலுவலகப் பாதையில், ஏசி போட்டு ஓட்டுங்கள்.

கடைசியாக, பழைய காரை ஷோரூமிலேயே கொடுத்தால் தருவதாகச் சொல்லும் எக்ஸ்சேஞ்ச் போனஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலில் வாங்கப் போகும் காரின் விலையைப் பேசி எழுத்தில் வாங்குங்கள். உங்களிடம் பழைய கார் இருப்பதை அதுவரை வாய் திறக்க வேண்டாம். பிறகு பழையதற்கு என்ன தருவார்கள் என்று கேளுங்கள், வெளியில் இரண்டு பேரிடமும் விசாரியுங்கள். போனஸை ஒரு கையால் கொடுத்துவிட்டு, பழைய காரின் விலையில் அதே தொகையைக் குறைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. வெளியில் ஒரு பங்குதான் கூடுதலாகக் கிடைக்கும் என்றால் அலைய வேண்டாம், அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். இரண்டு பங்குக்கு மேல் என்றால் ஒரு சனிக்கிழமையைச் செலவழிக்கலாம்.