ரஸ்தாளிக்கு வேம் பாட்டில் வாங்கலாமா?

கேள்வி: லால்குடி பக்கம் எனக்கு இரண்டு ஏக்கர் நன்செய். முன்பு போட்ட ரஸ்தாளியில் 150 மரம் வாடல் நோயில் போய்விட்டது. அதன்பிறகு இரண்டு போகம் நெல் எடுத்தேன். இப்போது மறுபடி ரஸ்தாளிக் கன்று நடப்போகிறேன். கம்பெனி ஆள் ஒருவர், ‘வேம் (வேர் உட்பூசணம்) திரவம் ஏக்கருக்கு ஒரு லிட்டர் போதும், 1,200 ரூபாய், கார்பன்டசிமோடு கலந்து தூரில் ஊற்றுங்கள், வாடல் எட்டிப் பார்க்காது’ என்கிறார். வாங்கலாமா? டிரைக்கோடெர்மாவும் வேண்டுமா? ஊடுபயிராக முள்ளங்கி போடலாமா?

பதில்: வாங்காதீர்கள். அவர் சொன்னதில் மூன்று தவறு இருக்கிறது. பாட்டிலில் இருப்பது வாடலைத் தடுக்கும் பூசணம் அல்ல. அளவு போதாது. கார்பன்டசிம் பூசணக்கொல்லி, அதோடு கலந்தால் கொஞ்சநஞ்சம் இருப்பதும் செத்துப்போகும்.

வேம் என்கிற வேர் உட்பூசணம் வாழை வேருக்குள் புகுந்து, வேர் எட்டாத தூரத்துக்கு நூல் விட்டு, மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) துத்தநாகத்தையும் இழுத்துக் கொடுக்கும். பதிலுக்கு மரத்திடம் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் வேலை. மரம் திடமாக இருந்தால் நோயைக் கொஞ்சம் தாங்கும், உண்மைதான். அதற்காக அதை வாடல் மருந்து என்று விற்பது ஏமாற்று. வாடல் பூசணத்தோடு நேரடியாக மல்லுக்கட்டுவது டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூசணம். வேரைச் சுற்றி முதலில் இடம் பிடித்து, எதிரியின் நூலைச் சுற்றி வளைத்துத் தின்னும். ஆனால் இரண்டுமே வாடிய மரத்தை எழுப்பாது. கிழங்கை வெட்டும்போது உள்ளே செம்பழுப்பு நரம்பு தெரிந்துவிட்டால் எந்தப் பூசணத்துக்கும் அங்கே வேலை இல்லை.

அளவுக் கணக்கைப் பாருங்கள். ஏழடிக்கு ஏழடி நட்டால் ஏக்கருக்குச் சுமார் 900 கன்று. ஒரு லிட்டரைப் பங்கிட்டால் கன்றுக்கு ஒரு மில்லி சொச்சம். மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி மைக்கோரைசா உரத்தில், அதாவது வேமில், கிராமுக்குக் குறைந்தது 100 உயிர் முளைகள் (பூசணமாக முளைக்கக்கூடிய வித்து, வேர்த்துண்டு போன்றவை) இருக்க வேண்டும். வெர்மிகுலைட் என்ற இலகுவான கனிமத் துகளில் வளர்த்த சாதாரண வேமைக் குழிக்கு 50 கிராம் போட்டால் 5,000 முளை கன்றின் வேரடியில் இருக்கும். அதே தரத்தில் ஒரு மில்லி என்றால் நூற்றுச் சொச்சம், அதுவும் ஊற்றிய தண்ணீரோடு எங்கேயோ போயிருக்கும்.

இந்தப் பூசணம் இட்லி மாவு போலப் பாத்திரத்தில் பொங்கி வருவதல்ல. உயிருள்ள வேர் இல்லாமல் பெருகவே பெருகாது. அதனால்தான் மக்காச்சோளத்தையோ சோளத்தையோ வெர்மிகுலைட்டில் வளர்த்து, வேரோடு சேர்த்து உலர்த்தி மூட்டை கட்டுகிறார்கள். நிறம் போட்ட தண்ணீரை வேம் என்று விற்பவருக்கு இது தெரியாது, அல்லது நன்றாகவே தெரியும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதை விளக்காமல் விட்டால் கம்பெனி ஆள் அதை வைத்தே உங்களை மடக்குவார். கேரட் வேரை ஆய்வகத்தில், கிருமி நீக்கிய ஊடகத்தில் தனியாக வளர்த்து, அந்த வேரிலேயே வேம் வித்துகளைப் பெருக்கும் முறை இருக்கிறது. டெல்லியிலுள்ள டெரி நிறுவனம் இந்த நுட்பத்தை உருவாக்கிக் கம்பெனிகளுக்குக் கொடுத்திருக்கிறது. இப்படி வரும் சரக்கு மெல்லிய பொடி. கிராமுக்கு நூறு அல்ல, ஆயிரக்கணக்கில் முளைகள் இருக்கும். அதனால் ஏக்கருக்குச் சில நூறு கிராம் போதும், தண்ணீரில் கரைத்தும் விடலாம். ஆக, ‘குறைந்த அளவு, தண்ணீரில் விடுவது’ என்பதாலேயே ஒன்று போலி ஆகிவிடாது. மூன்று விஷயம் பாருங்கள். கடையில் அது பொடியாக இருக்கிறதா? பூசணத்தின் பெயர், ரைசோஃபேகஸ் என்றோ குளோமஸ் என்றோ, அச்சாகியிருக்கிறதா? கிராமுக்கு எத்தனை முளை என்ற எண் இருக்கிறதா? மூன்றும் இருந்தால் யோசிக்கலாம். அப்போதும் கன்று நனைக்கும் கரைசலாகவோ குழியிலோதான் கொடுக்க வேண்டும். வேரில் படாத வேம் வீண்.

இனி செய்ய வேண்டியது. முதலில் மண் பரிசோதனை அட்டையில் மணிச்சத்தைப் பாருங்கள். எக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் இருந்தால் வேம் வாங்க வேண்டியதே இல்லை. சோறு வீட்டிலேயே கிடைக்கும்போது மரம் கூலிக்கு ஆள் வைக்காது. குறைவாக இருந்தால் உங்கள் நிலத்துக்கு வேம் நன்றாகவே எடுபடும். நெல்லுக்குத் தண்ணீர் கட்டிய வயலில் இயற்கையான வேர் உட்பூசணம் குறைந்துதான் இருக்கும். ஆனால் மணிச்சத்து மிகுந்த டி.ஏ.பி. உரத்தை நடவில் ஒரு கை, மூன்றாம் மாதம் இன்னொரு கை என்று போட்டால் வேமின் வேலை கெட்டது. மரத்துக்கு 35 கிராம் மணிச்சத்து, அதாவது சூப்பர் பாஸ்பேட்டாக 220 கிராம் போதும். வேம் போட்டால் அதிலும் கால்வாசி குறைத்துக்கொள்ளலாம்.

டிரைக்கோடெர்மாவை வெறும் பொடியாகத் தூவாதீர்கள். நன்றாக மட்கிய தொழு உரம் 100 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 10 கிலோ, டிரைக்கோடெர்மா 1 கிலோ என்ற கணக்கில் கலந்து, நிழலில் முக்கால் அடி உயரத்துக்குப் பரப்புங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. ஈரச்சாக்கால் மூடி நான்கு நாளுக்கு ஒரு தரம் புரட்டுங்கள். 12 முதல் 15 நாளில் வெள்ளை நூல் படர்ந்து பச்சை பூத்திருக்கும். மூக்கைத் துளைக்கும் நெடி வந்தாலோ கை வைத்தால் சுட்டாலோ எரு மட்கவில்லை. அந்தச் சூட்டில் பூசணம் நிற்காது. ஒவ்வொரு தடவைக்கும் ஏக்கருக்கு 900 கிலோ எருவும் 9 கிலோ பொடியும் தேவைப்படும். குழிக்கு ஒரு கிலோ இதைப் போட்டு, மேலே 50 கிராம் வேம் தூவி, கிழங்கு அதன் மேல் உட்காரும்படி நடுங்கள். இரண்டாம், நான்காம் மாதங்களில் டிரைக்கோடெர்மா எருவை மட்டும் மறுபடி தூரில் வைத்து மண் அணையுங்கள்.

பொடி உயிரோடு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு டம்ளரில் உப்பில்லாத சோறு, ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகைப் பொடி, இரண்டையும் மூடி நிழலில் வையுங்கள். ஐந்து நாளில் பொடி போட்டதில் வெள்ளை படர்ந்து கரும்பச்சையாக வேண்டும். ஒன்றுமே வரவில்லையென்றால் செத்த சரக்கு. பச்சை வந்தாலும் முழு நம்பிக்கை வேண்டாம், ஊசிப்போன சோற்றிலும் பச்சைப் பூசணம் வரும். அதற்குத்தான் இரண்டாவது டம்ளர். பாக்கெட்டில் கிராமுக்கு 20 லட்சம் சி.எஃப்.யு. (உயிரோடு வளரக்கூடிய பூசண அலகுகள்) என்று இருக்க வேண்டும். தயாரித்து நான்கு மாதம் தாண்டியதும், வெயில் படும் ஷெல்ஃபில் இருந்ததும் வேண்டாம்.

கார்பன்டசிமில் கிழங்கை நனைத்தே தீருவேன் என்றால், டிரைக்கோடெர்மாவை 20 நாள் தள்ளுங்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. உங்களுக்கு நான் கார்பன்டசிமை விடச் சொல்வேன். காசு கொடுத்து வாங்கிய உயிரை அதே குழியில் காசு கொடுத்துக் கொல்வானேன்?

புகார் செய்யலாமே என்பீர்கள். டிரைக்கோடெர்மா பூச்சிமருந்துச் சட்டத்தில் வருகிறது, வேம் உர ஆணையில் வருகிறது. இரண்டையும் ஒரே பாட்டிலில் கலந்து ‘மண் வளமூட்டி’ என்று ஒட்டிவிட்டால் யார் மாதிரி எடுப்பது என்பதிலேயே பருவம் போய்விடும். 2021இல் உயிர்த்தூண்டிகளையும் (பயிர் வளர்ச்சியைத் தூண்டும் பொருள்கள்) உர ஆணைக்குள் கொண்டுவந்தார்கள். பெயர்தான் மாறியது, ஊர் ஊராகப் பாட்டில் தூக்குவது மாறவில்லை. மாதிரியின் முடிவு வரும்போது அந்த லாட் விற்றே தீர்ந்திருக்கும். பதிவு எண்ணும் லாட் எண்ணும் போட்ட ரசீது தராதவரிடம் வாங்காதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. வாடல் பூசணம் மண்ணில் இருபது வருடம் கூட உறங்கிக் கிடக்கும். தண்ணீர் கட்டிய நெல் அதைக் குறைக்கும், இரண்டு போகத்தில் ஒழிக்காது. சேறடித்தபோது வாடிய இடத்து மண் வயல் முழுக்கப் பரவியும் இருக்கும். ஒரு ஏக்கரிலாவது பூவன் ரகம் போடுங்கள், அதற்கு இந்த வாடல் எளிதில் வருவதில்லை. ரஸ்தாளிக்கு, வாடல் இல்லாத தோட்டத்திலிருந்து ஒன்றரை இரண்டு கிலோ எடையுள்ள ஈட்டி இலைக் கன்றாக வாங்கி, வேரையும் அழுகலையும் சீவி, வெட்டுவாய் வெள்ளையாக இருப்பதை மட்டும் நடுங்கள். உங்கள் பழைய தோட்டத்துக் கன்று ஒன்றுகூட வேண்டாம்.

முள்ளங்கி வேண்டாம். முள்ளங்கி, கோஸ் வகையறாவின் வேரில் வேம் ஒட்டாது. வெள்ளரி, பூசணி வாழைக்கு நச்சுயிரி நோயைக் கொண்டுவரும், அதுவும் வேண்டாம். உளுந்தோ தட்டைப்பயறோ போடுங்கள். வாழை வேர் விடும்வரை வேமுக்கு அவற்றின் வேர் தங்குமிடமாக இருக்கும். அறுவடையின்போது செடியைப் பிடுங்காமல் தரையோடு அறுத்து எடுங்கள், வேர் மண்ணிலேயே இருக்கட்டும்.