செல்லப் பறவைகளைத் தொலைதூரத்துக்குப் பாதுகாப்பாக அனுப்புவது எப்படி?

ஒரு ஜோடி காக்டெய்ல் (காக்கட்டீல்) கிளிகளை ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் உறவினருக்கு அனுப்ப வேண்டும், துளையிட்ட அட்டைப்பெட்டியில் தீனியும் தண்ணீரும் வைத்து அனுப்பினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. ஒரு பறவையைப் பறிகொடுத்த பிறகுதான் எனக்கு இது புரிந்தது.

பல ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவருக்கு மூன்று காக்டெய்ல்களை இதே போல அட்டைப்பெட்டியில் அனுப்பினேன். வண்டி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் இறக்கிய இடத்தில் பெட்டியை வெயில் விழும் தரையில் வைத்துவிட்டார்கள். துளைகள் இருந்த பக்கத்தில் ஒரு மூட்டையையும் சாய்த்துவிட்டார்கள். இரண்டு மணி நேரம் கழித்து நண்பர் திறந்தபோது, இரண்டு பறவைகள் அலகைப் பிளந்து, இறக்கைகளை உடம்பை விட்டு விலக்கி வைத்துக்கொண்டு இரைத்துக்கொண்டிருந்தன. மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடியது. மூன்றாவது பறவை ஒரு மூலையில் செத்துக் கிடந்தது. கிண்ணத்துத் தண்ணீர் கவிழ்ந்து, ஊறிப்போன தினை அதன் வயிற்று இறகுகளில் அப்பியிருந்தது.

பயணத்தில் எதற்குப் பயப்பட வேண்டும் என்று கேட்டால், பெட்டி எங்கேயோ சும்மா கிடக்கும் நேரத்துக்குத்தான் என்பேன். பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பமே 40 டிகிரி செல்சியசுக்கு மேல். அலகைத் திறந்து இரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்ளும். காற்றோட்டம் நின்று பெட்டிக்குள் ஈரம் ஏறிவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

ஆகவே முதலில் வழியை முடிவு செய்யுங்கள். நீங்களோ நம்பிக்கையான ஒருவரோ காரில் கூடவே கொண்டுபோக முடியுமானால் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பெட்டியைப் பின் இருக்கையில் பெல்ட் போட்டுக் கட்டுங்கள்; சாப்பிட இறங்கும்போது பூட்டிய காரில் ஐந்து நிமிடம்கூட விடாதீர்கள். விமானம் என்றால், இடையில் மாறாமல் நேரே போகும் விமானமாக இருக்கட்டும். உயிருள்ள விலங்குகளை ஏற்றும் சரக்கு அறையில் காற்றழுத்தமும் வெப்பமும் பராமரிக்கப்படும். சிக்கல் பெரும்பாலும் தரையில்தான் வரும். கோடையில் அதிகாலை அல்லது இரவு விமானம், கடுங்குளிர் காலத்தில் நண்பகல் விமானம். மறுமுனையில் பெட்டியை வாங்குபவர் அரை மணி முன்னதாகவே அங்கே நிற்க வேண்டும்.

பெட்டிக்கு, ஐஏடிஏ என்ற பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் உயிருள்ள விலங்குகளுக்கென்று விதிமுறை வெளியிடுகிறது. விமான நிறுவனங்கள் அதைத்தான் பார்க்கும். தரைவழியே அனுப்பினாலும் அதன் அடிப்படையைக் கைக்கொள்ளுங்கள். கிளி வகைக்கு அட்டை ஆகாது, கடித்துக் கிழித்துவிடும். மரமோ கெட்டியான பிளாஸ்டிக்கோ வேண்டும், காற்று வழிகளுக்கு உள்பக்கம் கம்பி வலை. ஒன்றுக்கு மேற்பட்ட பக்கங்களில் காற்று வழி இருக்கட்டும். வெளிப்பக்கம் விளிம்பு நெடுக மரச்சட்டம் அடித்துவிட்டால், பக்கத்தில் எதை அடுக்கினாலும் துளைகள் அடைபடாது. என் பெட்டியில் அந்தச் சட்டம் இருந்திருந்தால் அந்த மூட்டை தள்ளியே நின்றிருக்கும்.

பெரிய பெட்டி நல்லது என்று நினைக்காதீர்கள். உள்ளே இடம் அதிகமானால் பயத்தில் எழும்பி மோதிக்கொள்ளும். நிமிர்ந்து உட்காரவும் திரும்பவும் முடிந்தால் போதும். உட்காரும் குச்சியைத் தாழ்வாகப் பொருத்துங்கள். தலை கூரையில் இடிக்கக் கூடாது, வால் தரையில் தேயக் கூடாது. ஊஞ்சல், மணி, பொம்மை எதுவும் வேண்டாம். காற்று வழியை மறைக்காத மெல்லிய துணியால் வெளிச்சத்தைக் குறையுங்கள். காக்டெய்ல் இருட்டில் திடீரென மிரண்டு படபடக்கும் இனம், அதனால் முழு இருட்டாக்கிவிடாதீர்கள்.

தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்தே தீரும். வெளியிலிருந்து நிரப்பக்கூடிய கிண்ணத்தை இறுகப் பொருத்தி, நனைந்த ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றை அதில் போட்டுவையுங்கள். தண்ணீர்ச் சத்துக்கு நான் நம்புவது விதை நீக்கிய ஆப்பிள் துண்டையும் வெள்ளரியையும். தினைக் கதிரைக் கம்பியில் கட்டிவிட்டால் பெரும்பாலான பறவைகள் பதற்றத்திலும் கொத்தும். சிறு பறவைகளால் நீண்ட நேரம் பட்டினி தாங்க முடியாது, எனவே புறப்படும் முன் வயிறு நிறைந்திருக்க வேண்டும். ஒருநாள் கோழிக்குஞ்சுகளைப் பட்டினியாகவே அனுப்புகிறார்களே என்று சிலர் சொல்வார்கள். குஞ்சின் வயிற்றில் மிஞ்சியிருக்கும் மஞ்சள்கரு அதை ஏறத்தாழ மூன்று நாள் காப்பாற்றும். உங்கள் கிளிகளுக்கு அந்தச் சேமிப்பு இல்லை.

தூக்க மருந்து கொடுக்கவே கொடுக்காதீர்கள். குச்சியில் பிடிப்பு தளரும், உடல் வெப்பத்தைச் சமாளிக்கும் திறனும் குறையும். அதற்குப் பதில் இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே பெட்டியைக் கூண்டுக்கு அருகில் வைத்து, உள்ளே தினை தூவி, அவை தாமாக ஏறி இறங்கப் பழக்குங்கள். பிடிக்க நேர்ந்தால் நெஞ்சை இறுக்காதீர்கள்: பறவைக்கு நம்மைப் போல மூச்சிழுக்க உதவும் உதரவிதானம் என்ற தசை இல்லை, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு ஓடும்.

எல்லை தாண்டுவதானால் தாள்வேலை தனி. அழிநிலை உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியல்களில் பெரும்பாலான கிளி இனங்கள் உண்டு; காக்டெய்லுக்கும் பட்ஜி என்ற சிறு கிளிக்கும் விலக்கு உண்டு. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி 2017 முதல் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. விலக்கு பெற்ற பறவைக்கும் கால்நடை மருத்துவரின் சான்றிதழும் போய்ச் சேரும் நாட்டின் அனுமதியும் தேவைப்படலாம். இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. 1929-30இல் கப்பலேறிப் போன கிளிகள் வழியாகக் கிளிக்காய்ச்சல் பல நாடுகளில் மனிதர்களுக்குப் பரவி உயிர்களைக் குடித்தது.

புறப்படும் அன்று இரண்டையும் கிராம் தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். போய்ச் சேர்ந்ததும் உங்கள் உறவினர் வீட்டில் வேறு பறவைகள் இருந்தால் இவற்றைக் குறைந்தது ஒரு மாதம் தனி அறையில் வைக்கச் சொல்லுங்கள். முதல் நாள் யாரும் கொஞ்ச வேண்டாம். அரையிருட்டு, பழகிய அதே தீனி, தண்ணீர் போதும். கரும்பச்சையாக, நீர்த்த எச்சம் மட்டுமே வந்துகொண்டிருந்தால் தீனி உள்ளே போகவில்லை என்று அர்த்தம். எச்சம் கெட்டிப்பட்டு, எடை நீங்கள் எழுதிவைத்த எண்ணுக்குத் திரும்பும்வரை தினமும் நிறுக்கட்டும். பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே பறவை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். அந்த மருத்துவர் யார், எங்கே இருக்கிறார் என்பதைப் பறவைகள் கிளம்புவதற்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.