காட்டுக்குப் போனால் நிம்மதியா?

கேள்வி: எனக்கு மரங்கள் என்றால் உயிர். மனிதர்களின் தொல்லை இல்லாமல் காட்டிலேயே இருந்துவிடலாம் என்று வனவியல் படிக்க ஆசைப்படுகிறேன். வீட்டிலோ, "மரம் வெட்டுகிற வேலைக்கு ஒரு படிப்பா?" என்று கேலி செய்கிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்: வீட்டார் சொல்வதில் பாதி சரி. நீங்கள் சொல்வதில் அதுகூட இல்லை.

எந்த மரத்தை வெட்டுவது, எதை விடுவது என்று முடிவெடுப்பதுதான் வனவியலாளருக்குப் பெரிய வேலை. நெருக்கமாக முளைத்த இளங்காட்டை அப்படியே விட்டால், வெளிச்சத்துக்கு ஒன்றோடொன்று அடித்துக்கொண்டு எல்லாம் ஒட்டடைக்குச்சியாக நிற்கும். ஆகவே ஒவ்வொரு மரமாகப் போய் அண்ணாந்து பார்க்க வேண்டும். கிளை பக்கத்து மரத்தோடு இடிக்கிறதா, தண்டில் காயம் உண்டா? தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றி அளக்க வேண்டும் (பல நாடுகளில் இதுதான் கணக்கு). சரிவான இடமென்றால் மேட்டுப் பக்கம் நின்று அளக்க வேண்டும். போக வேண்டிய மரத்துக்கு இரண்டு இடத்தில் வண்ணம் பூசுவார்கள்: ஒன்று கண்ணில் படும் உயரத்தில், இன்னொன்று வேரை ஒட்டி. கீழே எதற்கு என்கிறீர்களா? மேலே பூசியது மரத்தோடு லாரி ஏறிவிடும். குறிக்காத மரத்தில் யாராவது கை வைத்திருந்தால், வண்ணமில்லாத அடிக்கட்டை காட்டிக்கொடுத்துவிடும்.

இதைக் காலையிலிருந்து மாலை வரை, அட்டை கடிக்கக் கடிக்கச் செய்ய வேண்டும். 'உயிர்' என்றீர்களே, அதற்குச் சோதனை அங்கேதான்.

அப்புறம் கணக்கு. வளர்வதற்கு மேல் வெட்டக்கூடாது என்பதை 1713-இல் எழுதிவைத்த கார்லோவிட்ஸ் காட்டுக்காரரே அல்ல. ஜெர்மனியின் சாக்சனியில் சுரங்க நிர்வாகி. தாது உருக்கும் உலைக்கு மரம் தீர்ந்துவிடுமே என்ற கவலை அவருக்கு. எவ்வளவு வளர்கிறது என்று தெரிய, முதலில் எவ்வளவு நிற்கிறது என்று தெரிய வேண்டும். இதற்கு ஆஸ்திரிய வனவியலாளர் பிட்டர்லிஹ் 1948-இல் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடிக்கும். வெறும் கட்டைவிரலிலேயே செய்து பார்க்கலாம். நடுக்காட்டில் நின்று கையை நீட்டி, விரலை ஒவ்வொரு மரத்தின் மார்பளவு உயரத்துக்கு நேராகப் பிடித்தபடி ஒரு சுற்று திரும்புங்கள். விரலைவிட அகலமாகத் தெரியும் மரங்களை மட்டும் எண்ணுங்கள். விரல் அகலத்துக்கும் கை நீளத்துக்கும் ஏற்ற ஓர் எண்ணால் அதைப் பெருக்கினால், ஒரு ஹெக்டேரில் அடிமரங்கள் அடைத்திருக்கும் பரப்பு வந்துவிடும். ஒரு மரத்தைக்கூடத் தொட வேண்டாம்!

கணக்கில் தப்பினால் உடனே தெரியாது என்பதுதான் வயிற்றைக் கலக்குவது. மத்திய ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில் வேகமாக வளர்கிறது, நல்ல விலை போகிறது என்று ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தை மட்டுமே வரிசை வரிசையாக நட்டார்கள். அந்தக் காலத்துக்கு அது புத்திசாலித்தனம்தான். 2018-இல் தொடங்கிய வறட்சியில் மரப்பட்டையைத் துளைக்கும் வண்டு புகுந்து மலை மலையாகக் காய்ந்தது. கேள்வி கேட்கலாம் என்றால், நட்டவர்களில் ஒருவரும் மிச்சமில்லை.

சரி, மனிதர்களுக்கு வருவோம். மாடு மேய்க்கிறவர், விறகு பொறுக்குகிறவர், எல்லைக்கல் நகர்ந்துவிட்டது என்று சண்டைக்கு வருகிறவர், ஒரு மரத்தையும் தொடாதே என்கிறவர், இன்னும் நாலு மரம் கொடு என்கிற ஒப்பந்தக்காரர்: எல்லோருக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். தீப்பிடிக்கும் பருவத்தில் விடுப்பும் கிடையாது, தூக்கமும் கிடையாது. மிச்ச நேரத்தில் அறிக்கை எழுத வேண்டும்.

இதெல்லாம் சம்மதம் என்றால் விண்ணப்பம் போடுங்கள். மனிதர்களே வேண்டாம் என்றால் கலங்கரை விளக்கத்தைத்தான் சொல்லியிருப்பேன். அவற்றையும் பெரும்பாலும் தானியங்கி ஆக்கிவிட்டார்கள்.