ஈ. நெஸ்பிட் யார், சிறுவர் இலக்கியத்தில் அவருக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

1858இல் லண்டனில் பிறந்த ஆங்கில எழுத்தாளர் ஈடித் நெஸ்பிட்தான் அவர். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவர். 1880இல் ஹூபர்ட் பிளாண்டை மணந்தார், கொஞ்ச நாளில் கணவருக்குப் பெரியம்மை வந்து, தொழிலும் கைவிட்டுப் போக, வீட்டுச் செலவுக்காகக் கவிதை, கதை, வாழ்த்து அட்டை என்று கிடைத்ததையெல்லாம் செய்து சம்பாதித்தார். 1884இல் ஃபேபியன் சங்கம் என்ற சோஷலிச அமைப்பைத் தொடங்கியவர்களில் இருவருமே உண்டு.

நாற்பது வயதை ஒட்டித்தான் பெரிய வெற்றி வந்தது. 1899இல் வெளிவந்த பாஸ்டபிள் குடும்பக் குழந்தைகளின் கதையில், தாயில்லாத பிள்ளைகள் நொடித்துப்போன குடும்பத்தைத் தூக்கி நிறுத்தப் பணம் தேடி அலைகிறார்கள், கதையைச் சொல்வது அவர்களில் ஒரு பையன், அது தான்தான் என்பதை மறைக்கப் பார்த்தும் தன்னைத்தானே புகழ்ந்து மாட்டிக்கொள்வான். என்னைக் கேட்டால் அவருடைய சாதனையே அந்தக் குரல்தான். அதற்கு முன் சிறுவர் கதைகளில் பிள்ளைகள் பெரும்பாலும் பாடம் கற்க வேண்டியவர்களாகவே வருவார்கள். இவருடைய பிள்ளைகளோ சண்டை போடுவார்கள், தப்புச் செய்வார்கள், காசுக்குக் கவலைப்படுவார்கள். 1902இல் மணல்தேவதை கதை வந்தது: மந்திரம் சாதாரண வீட்டுக்குள்ளேயே நுழைந்து, கேட்ட வரமெல்லாம் வம்பில் முடியும். பின்னால் வந்த எத்தனையோ மாயக்கதைகள் இந்த வழியில்தான் நடந்தன.

அப்புறம் 1906இல் வந்த 'ரயில்வே குழந்தைகள்'. செய்யாத குற்றத்துக்காக அப்பா சிறைக்குப் போக, ரயில் பாதை ஓரம் வாழ நேர்ந்த மூன்று பிள்ளைகளின் கதை. முதலில் படிக்க வேண்டுமென்றால் இதையே எடுங்கள்.

கடைசிக் காலத்தில் பணக் கஷ்டம்தான். 1917இல் மறுமணம் செய்துகொண்டார், 1924இல் கென்ட் கடற்கரைப் பகுதியில் இறந்தார்.