டீச்சர் வேலையை மறைக்காதீர்கள்

வணக்கம் சகோதரி. பாலக்கோட்டில் ஆறு வருடம் கணக்கு டீச்சர், இப்போது பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர் (ஊழியர்களுக்கான பயிற்சிப் பாடங்களை வடிவமைப்பவர்) வேலைக்கு இன்டர்வியூ, கம்பெனி அனுபவம் இல்லையே என்று பயம் என எழுதியிருந்தீர்கள். நானும் கிருஷ்ணகிரியில் டீச்சராக இருந்து இந்த வேலைக்கு வந்தவள்தான்.

முதல் இன்டர்வியூவில் ஆய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், செயல்படுத்தல், மதிப்பீடு என்று பயிற்சிப் பாடம் தயாரிக்கும் ஐந்து கட்டங்களையும் ஒப்பித்தேன். அவர்கள் கேட்டது வேறு: "விற்பனை குறைந்துவிட்டது, ஒரு கோர்ஸ் செய்து கொடுங்கள் என்று மேனேஜர் வந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?" உடனே ஸ்லைடு தயாரிப்பேன் என்றேன். வேலை கிடைக்கவில்லை. ஆட்களுக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் செய்ய முடியவில்லையா என்று முதலில் விசாரித்திருக்க வேண்டும். இரண்டாவது என்றால் பயிற்சியால் தீராது. வகுப்பில் ஒரு பிள்ளை கணக்கைத் தப்பாகப் போட்டால் எந்தப் படியில் தடுக்கிறது என்று தேடுவீர்களே, அதேதான். அந்த அனுபவத்தைத் தாராளமாகச் சொல்லுங்கள்.

அப்புறம், இன்டர்வியூவில் காட்ட நீங்கள் செய்த மாதிரி ஒன்று அவசியம். உங்கள் ஊர் மண்டியில் தக்காளியைத் தரம் பிரிக்கப் புதிதாக வருபவருக்கு ஐந்து நிமிடப் பாடம் ஒன்றுக்கு ஸ்டோரிபோர்டு, அதாவது ஒவ்வொரு திரையிலும் என்ன வரும் என்ற திட்டம், எழுதுங்கள். அதில் படித்தவர் மறுநாள் சரியாகப் பிரிக்கிறாரா என்று எப்படிப் பார்ப்பீர்கள் என்பதும் இருக்கட்டும். அங்கேதான் நிறையக் கேள்வி வரும்.