6க்கு 8 அடி சமையலறை, வாடகை வீடு: இருக்கிற இடத்தை எப்படிப் பயன்படுத்துவது?

நீங்கள் கேட்டது: 6க்கு 8 அடி சமையலறை, வீட்டில் மூன்று பேர், மேடையில் காய் நறுக்கக்கூட இடமில்லை, சுவரில் ஓட்டை போட ஹவுஸ் ஓனர் விடமாட்டார், மாமியார் கொடுத்த பித்தளைப் பாத்திரங்கள் வேறு இருக்கின்றன, மாடுலர் கிச்சன் போட்டால் சரியாகுமா என்று.

வில்லிவாக்கத்தில் நாங்கள் இருக்கும் வீட்டுச் சமையலறையும் ஏறக்குறைய இதே அளவுதான். ஒன்பது வருடமாக இதில் மூன்று பேருக்குச் சமைக்கிறேன். ஊரிலிருந்து ஆட்கள் வந்தால் எட்டுப் பேருக்கும் இங்கேதான். அதனால் நான் செய்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

முதல் இரண்டு வருடம் நான் ஸ்டாண்டாக வாங்கினேன். மூலை ஸ்டாண்ட், தட்டு ஸ்டாண்ட், மசாலா டப்பாவுக்கு இரண்டடுக்கு ஸ்டாண்ட். ஒவ்வொன்றும் வந்த மறுவாரமே நிறைந்துவிடும், மேடை இன்னும் நாலு இன்ச் குறைந்துவிடும். அந்தச் சமயத்தில்தான் அம்மா அம்பாசமுத்திரத்திலிருந்து வந்தாள். சமையலறை வாசலிலேயே நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏட்டி, அரங்கு சாமானையெல்லாம் அடுப்படியில கொண்டு வச்சிருக்கியே, நீ எங்க நின்னு சமைப்ப?"

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் அடுப்படி வேறு, அரங்கு வேறு. அரங்கு என்பது உள்ளே ஜன்னல் இல்லாமல் இருட்டாக இருக்கும் சாமான் அறை. சில ஊர்களில் உக்கிராணம் என்பார்கள். வருடத்துக்கான புளி, மிளகாய், பருப்பு, அரிசி, விசேஷத்துக்கு மட்டும் எடுக்கும் அண்டா குண்டா எல்லாம் அங்கே இருக்கும். அன்றன்றைக்குத் தேவையானது மட்டும் அடுப்படிக்கு வரும். எங்கள் ஆச்சி வீட்டு அடுப்படியும் சின்னதுதான், ஆனால் அதை யாரும் சின்னது என்று சொல்லிக் கேட்டதில்லை.

அம்மா சொன்ன பிறகு ஒரு விஷயத்தைத் தேடிப் படித்தேன். நம் நாட்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில், சாப்பிடத் தனி இடம் உள்ள வீட்டில் சமையலறை குறைந்தது 5 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. கூடவே தனிச் சாமான் அறையும் இருந்தால் 4.5 சதுர மீட்டர் போதும் என்கிறது. 4.5 சதுர மீட்டர் என்றால் ஏறத்தாழ 48 சதுர அடி. உங்கள் 6க்கு 8 அதே 48தான்! அதாவது சமைப்பதற்கு உங்கள் இடம் போதும். இல்லாமல் போனது சாமான் அறை. ஆகவே சமையலறைக்குள் இடம் தேடுவதை விட்டுவிட்டு, வீட்டில் வேறெங்காவது ஒரு அரங்கை உண்டாக்குங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

எது அடுப்படிச் சாமான், எது அரங்குச் சாமான் என்று யோசித்துப் பிரிக்க முடியாது. யோசித்தால் எல்லாமே அவசியம் என்றுதான் தோன்றும். நான் இப்படிச் செய்தேன். மேடைக்குக் கீழே ஒரு தட்டைக் காலி செய்துகொண்டேன். எந்தப் பாத்திரத்தை எடுத்துப் புழங்கினாலும் கழுவிய பிறகு பழைய இடத்தில் வைக்காமல் அந்தத் தட்டில் வைத்தேன். டப்பாக்களுக்கும் அப்படியே. மூன்று வாரம் போனது. அந்தத் தட்டும் அதற்குப் பக்கத்துத் தட்டில் பாதியும்தான் நிறைந்தன. குக்கர் இரண்டு, வாணலி இரண்டு, தோசைக்கல், இட்லிப் பாத்திரம், பால் பாத்திரம், நாலைந்து கிண்ணம், கரண்டிகள், அஞ்சறைப் பெட்டி. மற்ற தட்டுகளில் இருந்த எதையும் மூன்று வாரமாகத் தொடவே இல்லை. ஒரே அளவில் ஐந்து தூக்குவாளி இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

சரி, தொடாததை எங்கே வைப்பது? எங்கள் வீட்டில் கட்டிலுக்கு அடிதான் அரங்கு. தரைக்கும் கட்டில் சட்டத்துக்கும் நடுவே எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, அதற்குள் போகும் உயரத்தில் மூடியுள்ள தட்டையான பெட்டிகள் மூன்று வாங்கினேன். வருடப் புளி, வற்றல் வகை, கூடுதல் தட்டு டம்ளர் எல்லாம் அதில். புளியையும் வற்றலையும் முதலில் இறுக மூடும் தகர டின்னில் போட்டுத்தான் பெட்டிக்குள் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எறும்பு வந்துவிடும். உங்கள் வீட்டில் பீரோவுக்கு மேலே இடம் இருக்கலாம், ஹாலில் திவான் இருந்தால் அதன் உள்ளே இருக்கலாம்.

அரிசி பருப்பில் நான் வழக்கத்தையே மாற்றிவிட்டேன். 25 கிலோ மூட்டை வாங்குவதை நிறுத்தி 5 கிலோ பையாக வாங்குகிறேன். விலை கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் சென்னையின் ஈரக்காற்றில் ரவையும் துவரம்பருப்பும் சீக்கிரம் வண்டு பிடித்துக் கொட்ட வேண்டியிருந்ததைக் கணக்குப் பார்த்தால் எனக்கு நஷ்டமில்லை. தெருமுனையில் கடை இருக்கிறது. ஒரு மாதச் சாமானை வீட்டுக்குள் அடைக்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

பரணை மறந்துவிடாதீர்கள். ஆனால் அதில் கனமானதை ஏற்றாதீர்கள். முறுக்கு அச்சு, அதிரசத்துக்கு எடுக்கும் சட்டி, பிளாஸ்க் போல லேசானதும் வருடத்தில் ஓரிரு முறை எடுப்பதும் மட்டும் போகட்டும். என்னென்ன ஏற்றினோம் என்று ஒரு தாளில் எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். கிரைண்டரைப் பரணில் வைத்து மாவு அரைக்கும் நாளில் மட்டும் இறக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தலைக்கு மேலிருந்து அந்தக் கல்லோடு இறக்குவது ஆபத்து, தயவுசெய்து வேண்டாம். எங்கள் கிரைண்டர் ஹால் மூலையில் பிளக் பாயிண்டுக்குப் பக்கத்தில், சக்கரம் வைத்த பலகை மேல் துணி போர்த்தி இருக்கிறது. ஃபிரிட்ஜும் ஹாலில்தான். இரண்டும் வெளியே போனதும் சமையலறையில் ஒரு ஆள் தாராளமாகத் திரும்ப முடிந்தது.

இப்போது உள்ளே. நம் வீடுகளில் மேடைக்குக் கீழே கடப்பா கல் தட்டுகள்தான் பெரும்பாலும் இருக்கும். இரண்டு தட்டுக்கு நடுவே ஒன்றரை அடிக்கு மேல் இடைவெளி, ஆழம் இரண்டடி. நாம் வைக்கும் டப்பாவோ ஏழு எட்டு இன்ச் உயரம். அதற்கு மேலே இருப்பது வெறும் காற்று. பின்வரிசையில் வைத்தது கண்ணுக்கே தெரியாது, தெரியாததால் மறுபடியும் வாங்குவோம். என் வீட்டில் மூன்று பாக்கெட் வெந்தயம் சேர்ந்தது அப்படித்தான்.

இதற்கு நான் செய்துகொண்டது அரைத்தட்டு. தெருவில் உள்ள வெல்டிங் பட்டறையில், கடப்பா தட்டின் பின்பாதிக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி 9 இன்ச் உயரத்தில் குட்டி மேஜை போல இரண்டு செய்து வாங்கினேன். அதைப் பின்னால் தள்ளி வைத்தால் கொலுப்படி மாதிரி ஆகிவிடும். பின்வரிசை டப்பாக்கள் உயர்ந்து நிற்கும், முன்வரிசை தாழ்ந்து நிற்கும், எல்லாம் தெரியும். மேஜைக்கு அடியில் உள்ள இடத்தில் அடிக்கடி எடுக்காத தட்டுகள் போகும். சுவரைத் தொடவில்லை, வீடு மாறினால் தூக்கிக்கொண்டு போகலாம். இத்தனை வருடத்தில் இந்தச் சமையலறைக்குச் செய்த செலவிலேயே உருப்படியான செலவு இதுதான் என்று நினைக்கிறேன்.

கீழ்த்தட்டுக்கு வேறு வழி. ஆழம் முழுவதுக்கும் வருகிற நீளமான பிளாஸ்டிக் கூடைகள் வைத்தால் இழுப்பறை போல இழுத்து எடுக்கலாம். வெங்காயம் ஒன்றில், உருளைக்கிழங்கு வேறொன்றில், எண்ணெய் பாட்டில்கள் இன்னொன்றில். எண்ணெய் வழிந்தாலும் கூடையை மட்டும் கழுவினால் போதும்.

டப்பாக்கள் விஷயத்தில் ஒரு கணக்கு. வட்ட டப்பாக்களை வரிசையாக வைத்தால் மூலை மூலையாக ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இடம் வீணாகிறது. சதுர டப்பா என்றால் அந்த இடமும் கிடைக்கும். அதற்காக எவர்சில்வர் டப்பாவையெல்லாம் மாற்ற வேண்டாம், தினம் எடுக்கும் பருப்பு, மாவு வகைகளுக்கு மட்டும் மாற்றினால் போதும்.

மேடை மேல் நிரந்தரமாக இருக்க என் வீட்டில் மூன்றுக்குத்தான் அனுமதி: அடுப்பு, மிக்ஸி, தண்ணீர்ப் பாத்திரம். உப்பும் எண்ணெய்ச் சொம்பும் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன தட்டில். அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவே இரண்டடி எப்போதும் காலியாக இருக்க வேண்டும், அதில் டிபன் பாக்ஸைக்கூட வைக்க விடமாட்டேன். அந்த இரண்டடியும் போதாத நாளில் சிங்க்கின் மேல் சரியாக உட்காருகிற தடித்த பலகையைப் போட்டுக்கொள்வேன். அப்புறம், காயெல்லாம் மேடையில்தான் நறுக்க வேண்டும் என்று யார் சொன்னது? அம்மா வந்தால் அருவாமனையை எடுத்துக்கொண்டு ஹால் தரையில் உட்கார்ந்துவிடுவாள். பேசிக்கொண்டே கால் மணி நேரத்தில் முருங்கைக்கீரையே ஆய்ந்து முடித்துவிடுவாள். நானும் இப்போது கீரை, பீன்ஸ், வெங்காயம் எல்லாம் ஹாலில்தான்.

ஓட்டை போட முடியாத சுவருக்கு ஜன்னல் கம்பிதான் துணை. கம்பியில் எஸ் கொக்கிகளை மாட்டி கரண்டி, வடிகட்டி, சப்பாத்திக் கட்டை தொங்கவிடலாம். கம்பியின் ஒரு ஓரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஜன்னலை அடைத்துவிட்டால் தாளிக்கும் புகை வீட்டுக்குள்தான் சுற்றும். ஒட்டும் கொக்கிகள் டைல்ஸில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புப் போட்டுத் துடைத்து, காயவிட்டு ஒட்ட வேண்டும். வெறும் பெயின்ட் சுவரில் நிற்காது.

ஒரு இடத்தை மட்டும் இடமாகவே எண்ணாதீர்கள். அது சிலிண்டர் நிற்கிற இடம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கும். அதனால் சிலிண்டரைக் காற்றுப் போகாத அலமாரிக்குள் வைத்துக் கதவை மூடக் கூடாது. அதைச் சுற்றி பழைய பேப்பர், துணி, எண்ணெய் டின் அடுக்கவும் கூடாது. நின்ற நிலையில்தான் இருக்க வேண்டும், இடம் மிச்சமாகும் என்று படுக்க வைக்கக் கூடாது. அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ரப்பர் குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, அதை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். இரண்டாவது சிலிண்டர் இருந்தால் வெயில் படாத பால்கனி மூலைக்குப் போகட்டும்.

மாடுலர் கிச்சன் வேண்டாம் என்பதுதான் என் பதில். சொந்த வீடாக இருந்தாலும் இந்த அளவுச் சமையலறைக்கு அதைப் போட நான் தயங்குவேன். பெட்டி, சட்டம், கதவு என்று மரத்தின் கனமே கொஞ்சம் இடத்தைத் தின்றுவிடும். கதவைத் திறந்தால் நிற்க இடமிருக்காது. அக்கா வீட்டில் சிங்க்குக்குக் கீழே பார்ட்டிகிள் போர்டில் செய்தார்கள். தண்ணீர் கசிந்து இரண்டாம் வருடமே உப்பிவிட்டது, இடுக்கெல்லாம் கரப்பான். வாடகை வீட்டில் அந்தப் பணத்தைப் போடாதீர்கள்.

பித்தளைப் பாத்திரங்களைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தீர்கள். கொடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அத்தையிடமே உட்கார்ந்து பேசி, புழங்கப் போகிற ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுங்கள். பொங்கல் பானை, ஒரு உருளி. உருளியில் உள்பூச்சு வெள்ளீயம் தேய்ந்திருந்தால் பூசி வாங்கிச் சமையலுக்கே எடுங்கள். மற்றதை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிப் பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிடலாம், பரணுக்கு அந்தக் கனம் ஆகாது.

உங்கள் கடப்பா தட்டுகளின் இடைவெளியையும் ஆழத்தையும் டேப் வைத்து அளந்து இங்கேயே எழுதுங்கள். அரைத்தட்டு எந்த அளவில் செய்யச் சொல்லலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். அளக்கும்போது மேடைக்கு அடியில் தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். என்னுடைய முதல் அரைத்தட்டு அதில் இடித்துத்தான் திரும்பப் பட்டறைக்குப் போனது.